பதினாறு சம்புடம் பொரிவிளங்காய்

சூடாமணிக்குப் பக்கத்து வீட்டு ஜெயாவின் மேல் பொறாமை. அதை யாராவது வாய்விட்டுச் சொன்னால் அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். "எனக்கென்ன பொறாமை?" என்பாள். சொல்லும்போதே உதடு பிதுங்கும்.

பத்து வயதுப் பெண்ணுக்கு அவ்வளவு பொறாமை கொஞ்சம் அதிகம்தான். அவளிடம் இருந்ததைப் பங்கு போட்டால், அந்தத் தெருவில் உள்ள எல்லாப் பெண்களுக்கும் ஆளுக்கு ஒரு கை கிடைத்திருக்கும்.

திருவனந்தபுரம் கோட்டைக்குள், பத்மநாபசுவாமி கோயிலை ஒட்டிய தெரு அவர்களுடையது. வீடுகள் தோளோடு தோள் உரசிக்கொண்டு நிற்கும். ஜெயா வீட்டில் தாளித்தால் சூடாமணி வீட்டில் தும்முவார்கள். இரண்டு பேரும் ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு. ரிப்பன்கூட ஒரே நிறத்தில்தான் வாங்குவார்கள். எட்டு மாதத்துக்கு முன்புவரை அப்படித்தான் இருந்தது.

எட்டு மாதத்துக்கு முன்பு, ஜெயா வீட்டுக்கு ஒரு தந்தி வந்தது.

அது 1944-ஆம் வருஷம். உலகமெல்லாம் யுத்தம். ஜெயாவின் அண்ணன் ஸ்ரீகண்டன் விமானப்படையில் பைலட். இருபத்திரண்டு வயது. பர்மா எல்லையில் அவனும் இன்னொருவனும் ஆளுக்கொரு விமானத்தில் பறந்துகொண்டிருந்தபோது எதிரி விமானங்கள் நான்கு வந்து சூழ்ந்துகொண்டன. கூட வந்தவனுடைய விமானத்தில் அடிபட்டுவிட்டது. அவன் தப்பித்துத் திரும்பட்டும் என்று ஸ்ரீகண்டன் தன் விமானத்தைத் திருப்பி, தனியாக அந்த நான்கையும் எதிர்த்துப் போனான். கூட வந்தவன் ஊர் திரும்பினான். ஸ்ரீகண்டன் திரும்பவில்லை.

தெருவே அழுதது. சூடாமணியும் அழுதாள். ஊருக்காக அழவில்லை. நிஜமாகவே மூன்று நாள் சாப்பாடு இறங்காமல் அழுதாள்.

பொறாமை அதற்கு அப்புறம்தான் வந்தது.

முதலில் பள்ளிக்கூடத்தில் ஆரம்பித்தது. அந்த ஊரில் பெண் வாத்தியாரையும் 'சார்' என்றுதான் கூப்பிடுவார்கள். அவர்கள் வகுப்புக்கு அம்மிணி சார். அவர் ஜெயாவைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் முதல் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார். சூடாமணி மூன்றாவது பெஞ்சில் தனியாக இருந்தாள். அப்புறம் பிரார்த்தனைக் கூடத்தில் ஸ்ரீகண்டனின் படம் வந்தது. தலையில் தோல் தொப்பி, நெற்றியில் பெரிய கண்ணாடி, உதட்டில் சிரிப்பு. போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாரும் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, "இவனோட தங்கை யாரு?" என்று கேட்டார்கள். யாராவது ஜெயாவைக் காட்டினார்கள். பக்கத்தில் நின்ற சூடாமணியை யாரும் காட்டவில்லை.

ஒருநாள் கணக்குப் பரீட்சை. சூடாமணி நான்காவது கணக்கைத் தப்பாகப் போட்டிருந்தாள். அம்மிணி சார் அவள் தலையில் நறுக்கென்று ஒரு குட்டு வைத்தார்.

"இது எங்ஙனே வந்தது? மூளையைக் கிழக்கேகோட்டையிலே வச்சுட்டு வந்தியா?"

ஜெயாவும் அதே கணக்கை அதே மாதிரி தப்பாகப் போட்டிருந்தாள். அம்மிணி சார் அவள் தலையைத் தடவிக்கொடுத்தார்.

"சாரமில்லை, மோளே. நாளைக்குச் சரியாப் போட்டா மதி."

'சாரமில்லை' என்றால் பரவாயில்லை என்று அர்த்தம். 'மதி' என்றால் போதும். இரண்டு வார்த்தையும் சூடாமணியின் காதில் மிளகாய்ப் பொடி மாதிரி விழுந்தன. ஒரே தப்புக்கு அங்கே தடவல், இங்கே குட்டா? அது எப்படி ஒரே தப்பு ஆனது என்பதை மட்டும் அவள் யாரிடமும் சொல்லவில்லை. பரீட்சைக்காக அன்று ஒருநாள் இடம் மாற்றி உட்கார வைத்திருந்தார்கள். அவள் ஜெயாவைப் பார்த்துத்தான் எழுதினாள்.

சூடாமணிக்கும் ஓர் அண்ணன் உண்டு. பெயர் நீலகண்டன். ரேஷன் ஆபீஸில் குமாஸ்தா. காலையில் குடையோடு போய்ச் சாயங்காலம் குடை இல்லாமல் வருவான். ஆகாயத்தில் பறப்பது இருக்கட்டும், ஒருதடவை மாமரத்தில் ஏறிவிட்டு இறங்கத் தெரியாமல் கத்தி, ஆள் வைத்து இறக்கினார்கள். அவனுடைய படத்தை எந்தப் பள்ளிக்கூடத்தில் மாட்டுவார்கள்?

ஒருநாள் அவன் கோட்டை வாசல் அருகே தெருவைக் கடந்துகொண்டிருந்தான். பஸ் வருவதைக்கூடக் கவனிக்காமல், வழக்கம் போலப் பராக்குப் பார்த்துக்கொண்டு போனான். 'இவனும் பைலட் ஆகிப் போயிருந்தால்…' என்று சூடாமணி நினைத்தாள். நினைத்தது முழுசாக மனசில் வருவதற்குள் நேரே பழவங்காடிப் பிள்ளையார் கோயிலுக்கு ஓடி, கன்னத்தில் படபடவென்று போட்டுக்கொண்டு, இருபத்தொரு தோப்புக்கரணம் போட்டாள்.

வீட்டுக்குத் திரும்பியதும் நீலகண்டனிடம் அன்று மட்டும் ரொம்பப் பிரியமாக இருந்தாள். அவன் பயந்துபோய், "என்னடி, எதை ஒடைச்சே?" என்று கேட்டான்.

இப்படியாகத் தீபாவளி வந்தது.

வீட்டில் சாவு நடந்தால் ஒரு வருஷத்துக்குப் பண்டிகை கிடையாது. புதுத் துணி, பட்டாசு, பட்சணம் ஒன்றும் கூடாது. ஆனால் அந்த வீட்டுக் குழந்தைகள் வாய் பார்த்துக்கொண்டு இருக்கலாமா? அதனால் அக்கம்பக்கத்தார் தங்கள் வீட்டில் செய்ததைக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். இது வழக்கம்.

அந்த வருஷம் சர்க்கரைக்கு ரேஷன், அரிசிக்கு ரேஷன். சூடாமணியின் அம்மா எங்கேயோ தேடிப்பிடித்த வெல்லத்தில் பயற்றமாவைப் போட்டு, சுக்கும் தேங்காய்ப் பல்லும் சேர்த்து, பன்னிரண்டு பொரிவிளங்காய் உருண்டை பிடித்தாள். பன்னிரண்டையும் ஒரு சம்புடத்தில் அடுக்கி மூடினாள்.

"ஜெயா ஆத்துல கொண்டுபோய்க் கொடுத்துட்டு வா, சூடா."

"எல்லாமா?" சூடாமணிக்குக் குரல் உச்சிக்குப் போனது. "எனக்கு?"

"பாத்திரத்துல உதிர்ந்தது இருக்கே. வழிச்சுத் தின்னுக்கோ."

"உதிர்ந்தது எனக்கு, உருண்டை அவளுக்கா?"

"ஸ்ரீகண்டனுக்குப் பொரிவிளங்காய்னா உசிருடி. பாவம், அந்தக் கொழந்தை. நீ கொடுத்துவச்சவ, ஆத்துல பண்டிகை இருக்கு. போ, போயிட்டு வா."

'நானா கொடுத்துவைத்தவள்?' என்று பொருமிக்கொண்டே சூடாமணி சம்புடத்தை எடுத்துக்கொண்டாள். ஸ்ரீகண்டனுக்குப் பொரிவிளங்காய் உயிராம்! அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஏனென்றால் ஜெயாவிடம் இல்லாத ஒரே ஒரு சொத்து அவளிடம் இருந்தது. அது ஒரு ரகசியம்.

போன வருஷம் மாம்பழக் காலத்தில் ஸ்ரீகண்டன் பத்து நாள் லீவில் வந்திருந்தான். அவன் வந்த அன்றுதான் ஜெயாவுக்கு அம்மை போட்டது. வாசலில் வேப்பிலை செருகிவிட்டார்கள். ஜெயா உள்ளறையில் இருட்டில் படுத்துக்கிடந்தாள். அம்மை கண்ட வீட்டில் எண்ணெய்ச் சட்டி வைக்கக்கூடாது, தாளிக்கக்கூடாது. பட்டாளத்திலிருந்து வந்த பிள்ளை பத்து நாளும் பத்தியச் சாப்பாடா சாப்பிடுவான்? சூடாமணியின் அம்மா மனசு கேட்காமல் பொரிவிளங்காய் செய்து, வாசலோடு கொடுத்துவிட்டு வந்தாள். மறுநாள் பார்த்தபோது, "எப்படி இருந்தது?" என்று கேட்டாள்.

"பிரமாதம் மாமி! இப்படி ஒண்ணை நான் எங்கேயும் தின்னதில்லை!" என்றான் ஸ்ரீகண்டன்.

மத்தியானத்துக்குள் செய்தி தெரு முழுக்கப் பரவிவிட்டது. சாயங்காலத்துக்குள் ஐந்து வீட்டிலிருந்து பொரிவிளங்காய் வந்துவிட்டது.

அடுத்த நாள் சூடாமணி தன் வீட்டுக் கொல்லையில் நின்றுகொண்டிருந்தாள். பக்கத்து வீட்டு மொட்டைமாடியிலிருந்து ஒரு குரல் வந்தது.

"ஏய் சூடாமணி! உனக்குப் பல் எல்லாம் இருக்கா?"

"இருக்கே!"

"எனக்கும் இருக்கு. அது அப்படியே இருக்கட்டும்னுதான் இதை நான் தின்னலை." ஸ்ரீகண்டன் ஓர் உருண்டையைத் தூக்கிக் காட்டினான். "இது தின்கிற பண்டமே இல்லை. கல்லு! குண்டு மாதிரி மேலேர்ந்து போடற பண்டம். கீழே ஒரு வட்டம் போடு, பார்க்கலாம்."

சூடாமணி கோலமாவு எடுத்துவந்து கொல்லையில் ஒரு பெரிய வட்டம் போட்டாள். ஸ்ரீகண்டன் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, வாயால் "ர்ர்ர்" என்று சத்தம் போட்டபடி மாடியில் ஓடிவந்து உருண்டையைக் கைவிட்டான். முதல் உருண்டை கிணற்றுச் சுவரில் பட்டுத் தெறித்தது. இரண்டாவது, காய்ந்துகொண்டிருந்த நீலகண்டனின் வேஷ்டியில் விழுந்தது. மூன்றாவது வட்டத்துக்குள் விழுந்தது.

"பாத்தியா? ஓடற வேகம் உருண்டைக்கும் உண்டு. வட்டத்துக்கு நேரா வந்தப்புறம் விட்டா தப்பிப் போயிடும். வர்றதுக்கு முன்னாடியே விட்டுடணும்," என்றான். பிறகு உதட்டில் விரலை வைத்தான். "யார்கிட்டயும் சொல்லாதே. எங்கம்மாவுக்குத் தெரிஞ்சா என்னையே மாடியிலேர்ந்து போட்டுடுவா."

லீவு முடியும்வரை, தினமும் மத்தியானம் இதுதான் விளையாட்டு. ஓடி ஓடிப் பொறுக்குவது சூடாமணியின் வேலை. பொறுக்கியதைத் துடைத்துத் தின்பதும் அவள்தான். அவளுடைய பற்கள் அப்படிப்பட்டவை.

இதை அவள் இதுவரை ஒருவரிடமும் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் எல்லாரும் ஜெயாவைச் சுற்றி நிற்கும்போது, 'எனக்குத் தெரியும், உனக்குத் தெரியாது' என்று உள்ளுக்குள் சொல்லிக்கொள்வாள். அப்போது கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

ஜெயா வீட்டுக் கூடத்தில் காலடி எடுத்து வைத்ததும் சூடாமணி அப்படியே நின்றுவிட்டாள். சுவரோரம் வரிசையாகச் சம்புடங்கள், டப்பாக்கள், தூக்குப் பாத்திரங்கள். எல்லாவற்றிலும் பொரிவிளங்காய். தெருவில் ஒருத்தருக்கொருத்தர் கேட்டுக்கொள்ளாமல் எல்லாரும் ஒன்றையே செய்து அனுப்பியிருந்தார்கள். அவளுடையது பதினாறாவது.

ஜெயா பழைய பாவாடையைக் கட்டிக்கொண்டு ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தாள்.

"அதையும் அங்கே வச்சுடு," என்றாள்.

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். சூடாமணிக்கோ ராணி கட்டளை போட்ட மாதிரி இருந்தது. அங்கே வச்சுடு! அம்மா வேர்க்க விறுவிறுக்க உருட்டியது, தனக்கு ஒன்றுகூட இல்லாமல் கொடுத்தது, அதை அங்கே வைத்துவிட வேண்டுமாம்!

"நீ ஒண்ணும் திங்கலையா?" என்று கேட்டாள்.

"வேண்டாம். அண்ணாவுக்குப் பிடிக்கும்னு எல்லாரும் கொண்டு வரா. எனக்குத் திங்கத் தோணலை."

"உங்க அண்ணாவுக்கு இது பிடிக்கவே பிடிக்காது!"

எட்டு மாதமாக உள்ளே கொதித்தது வெளியே வந்துவிட்டது. சூடாமணிக்கு இனி நிறுத்தத் தெரியவில்லை.

"ஒண்ணுகூட வாயில வச்சதில்லை! எனக்குத் தெரியும். உனக்குத் தெரியாது. பெரிசா முதல் பெஞ்சுல உக்காந்திருக்கே! சொந்த அண்ணாவுக்கு என்ன பிடிக்கும்னுகூடத் தெரியாது உனக்கு! அவர் அதையெல்லாம் மாடியிலேர்ந்து எங்காத்துக் கொல்லையிலதான் போட்டார். என்கூடத்தான் விளையாடினார். தினம், லீவு முடியறவரைக்கும்!"

சொல்லி முடித்ததும் அவளுக்கு மூச்சு வாங்கியது. ஜெயா இப்போது அழுவாள். அப்புறம் மாமி, அவளுடைய அம்மா, வருவாள். அப்புறம் அம்மாவிடம் போகும். முதுகுத்தோல் உரியும். எல்லாவற்றுக்கும் தயாராக அவள் நின்றாள்.

ஜெயா அழவில்லை. ஊஞ்சலைவிட்டு இறங்கி வந்து சூடாமணியின் கையைப் பிடித்தாள். இறுக்கமாகப் பிடித்தாள்.

"மாடியிலேர்ந்தா? மத்தியானத்திலயா?"

"ஆமாம்."

"ஓடினானா?"

"ஆமாம். கையை விரிச்சுண்டு."

"தடதடன்னு சத்தம் கேட்டுதுடி. எனக்குக் கண்ணைத் தொறக்க முடியலை. 'அம்மா, மேல என்ன சத்தம்'னு கேட்டேன். 'பூனை, நீ தூங்கு'ன்னா அம்மா." ஜெயா மேலே நிமிர்ந்து பார்த்தாள். "அது அண்ணாவா?"

சூடாமணி தலையை ஆட்டினாள்.

"எல்லாரும் அண்ணாவைப் பத்தி எங்கிட்ட சொல்றா. வீரன், தியாகின்னு சொல்றா. அதெல்லாம் பேப்பர்லயே இருக்கு. அவன் மொகத்தை நினைச்சா எனக்கு அந்தப் போட்டோதான் ஓர்மை வரது. வேற ஒண்ணும் வரமாட்டேங்கறது. சூடா, அவன் எப்படி ஓடினான்? காமியேன்!"

எட்டு மாதத்தில் ஜெயா அவளிடம் இவ்வளவு பேசியதே இல்லை. யோசித்துப் பார்த்தால், சூடாமணியும் ஜெயாவிடம் எதுவும் கேட்டதில்லை.

"வா," என்றாள் சூடாமணி. ஒரு சம்புடத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள்.

மாடிக்குப் போனதும் ஸ்ரீகண்டன் எங்கிருந்து ஓடத் தொடங்குவான் என்று காட்டினாள். கையை எப்படி விரிப்பான், "ர்ர்ர்" என்று எப்படிச் சத்தம் போடுவான் என்று செய்து காட்டினாள். பிறகு சம்புடத்தை ஜெயாவிடம் கொடுத்துவிட்டு, கீழே இறங்கித் தன் வீட்டுக் கொல்லைக்கு ஓடி, கோலமாவால் வட்டம் போட்டாள்.

"ம், வா!"

ஜெயா ஓடிவந்தாள். முதல் உருண்டை வாழைக்குள் போயிற்று.

"முன்னாடியே விடுடி! வட்டத்துக்கு நேரா வந்தப்புறம் விட்டா தப்பிப் போயிடும்!"

"அண்ணா சொன்னானா?"

"பின்ன நானா சொல்றேன்?"

இரண்டாவது துவைக்கிற கல்லில் பட்டு எகிறியது. மூன்றாவதும் தப்பியது. நான்காவது உருண்டை வட்டத்தின் நட்டநடுவில் தொப்பென்று விழுந்தது. "விழுந்துது!" என்று சூடாமணி கத்தினாள். மாடியில் ஜெயாவும் கத்தினாள்.

ஜெயாவுக்குப் பின்னால் அவளுடைய அம்மா வந்து நின்றாள்.

சூடாமணி கீழே இருந்து பார்த்தாள். துக்க வீடு, தீபாவளி நாள், தெருவே கொடுத்தனுப்பிய பட்சணம் மண்ணில் கிடக்கிறது. ஓடிப்போய் உள்ளே ஒளிந்துகொண்டால் திட்டெல்லாம் ஜெயாவுக்குத்தான் விழும். ஒரு நிமிஷம் அந்த யோசனையும் வந்தது. ஆனாலும் அவள் ஓடவில்லை. சுற்றிக்கொண்டு போய் மாடிப்படி ஏறினாள்.

"நான்தான் சொல்லிக்கொடுத்தேன், மாமி. ஜெயாவைத் திட்டாதேங்கோ."

"என்னடி கூத்து இது? திங்கிற பண்டத்தை இப்படியா?" மாமி கீழே மண்ணில் கிடந்த உருண்டைகளைக் காட்டினாள்.

"அண்ணா இப்படித்தான் பண்ணினானாம்மா," என்றாள் ஜெயா. "அன்னிக்குப் பூனைன்னு சொன்னயே, அது பூனை இல்லை."

சூடாமணி எல்லாவற்றையும் சொன்னாள். மாமி மாடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"எங்கிட்ட என்ன சொன்னான் தெரியுமா? 'அம்மா, எல்லாம் ஆச்சு, ஒண்ணுகூட மிச்சமில்லை'ன்னான்."

"மிச்சமில்லைதான், மாமி," என்றாள் சூடாமணி. "எல்லாத்தையும் நான் தின்னுட்டேன்."

மாமிக்குச் சட்டென்று சிரிப்பு வந்துவிட்டது. எட்டு மாதமாகச் சிரிக்காத வாய் அது. சிரிப்பு நிற்கவே இல்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் சிரித்தாள். "திருட்டுப் பயல்! நான் ஊரெல்லாம் பெருமையா சொல்லிண்டிருந்தேன், எம்பிள்ளைக்குப் பொரிவிளங்காய்னா உசிருன்னு!"

பிறகு அங்கேயே தரையில் உட்கார்ந்து, சூடாமணியைப் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்துக்கொண்டாள். "இன்னும் என்ன சொன்னான்? ஒண்ணு விடாம சொல்லு, கண்ணே. நீலகண்டன் வேஷ்டியில விழுந்துதா? அப்புறம்?"

சூடாமணி சொன்னாள். மாமி அவள் தலையைத் தடவினாள், கன்னத்தைக் கிள்ளி முத்தமிட்டாள். எட்டு மாதமாக ஜெயாவுக்குக் கிடைத்ததெல்லாம் இன்று தனக்குக் கிடைக்கிறது என்று அவளுக்குத் தலைகால் புரியவில்லை. இன்னொரு கதை, இன்னும் ஒரு கதை என்று சொல்லிக்கொண்டே போனாள்.

அப்போதுதான் ஜெயாவின் முகத்தைப் பார்த்தாள்.

ஜெயா கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து, பாவாடை நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். உதடு பிதுங்கியிருந்தது.

"நீ கொடுத்துவச்சவ," என்றாள் ஜெயா. "எங்கண்ணா உங்கூட விளையாடிட்டுப் போயிட்டான். எனக்கு அந்தப் பத்து நாளும் வேப்பிலைதான் கிடைச்சுது."

ஜெயா தன்னைப் பார்த்துப் பொறாமைப்பட வேண்டும் என்று சூடாமணி எத்தனை நாள் வேண்டிக்கொண்டிருப்பாள்! வேண்டியது கிடைத்துவிட்டது. ஆனால் அதில் ஒரு சந்தோஷமும் இல்லை. சொல்ல வந்த அடுத்த கதையை அப்படியே விழுங்கிவிட்டு, "நான் வரேன், மாமி. அம்மா தேடுவா," என்று எழுந்து வந்துவிட்டாள்.

தீபாவளி முடிந்து பள்ளிக்கூடம் திறந்தது. அம்மிணி சார் ஒவ்வொருவரையும் எழுப்பி, லீவில் என்ன செய்தார்கள் என்று சொல்லச் சொன்னார். ஒருத்தி நெய்யாற்றங்கரைக்குப் போனாளாம். இன்னொருத்தி மத்தாப்பில் பாவாடையைப் பொசுக்கிக்கொண்டாளாம். ஜெயாவின் முறை வந்தது.

"நீ சொல்லண்டா, மோளே. நீ இருந்தோ," என்று கனிவாக, சொல்ல வேண்டாம் உட்கார் எனக் கையமர்த்தினார் அம்மிணி சார்.

ஜெயா எழுந்துவிட்டாள்.

"நானும் சொல்றேன், சார். எங்கண்ணாவைப் பத்தி."

எல்லாரும் வீரக்கதை கேட்கும் முகத்தோடு நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். ஜெயா பொரிவிளங்காய்க் கதையைத் தொடங்கினாள். தெருவெல்லாம் செய்து அனுப்பியதைச் சொன்னாள். பல்லைக் காப்பாற்ற அவன் அதைத் தின்னாமல் வைத்திருந்ததைச் சொன்னாள். அம்மிணி சார் முதலில் விழித்தார், பிறகு வாயைப் பொத்திக்கொண்டார். பின்பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். உடனே எல்லாரும் சிரித்தார்கள். கையை விரித்து, "ர்ர்ர்" என்று சத்தம் போட்டு, ஜெயா அங்கேயே ஓடிக் காட்டினாள்.

"ஆமாம், கீழே நின்னு பொறுக்கினது யாரு? நீயா?" என்று ஒரு பெண் கேட்டாள்.

ஜெயாவின் கண் மூன்றாவது பெஞ்சுக்கு வந்தது.

சூடாமணி புத்தகத்தை மூடினாள். 'நான்தான்' என்று எழுந்து நின்றால் போதும். வகுப்பே அவள் பக்கம் திரும்பும். அவளிடம் இருந்த ஒரே சொத்து அது. உண்மையும் அதுதான்.

அவள் எழுந்து நின்றாள்.

"ஜெயாதான் பொறுக்கினா, சார். நான் எங்காத்து ஜன்னல்லேர்ந்து பார்த்துண்டிருந்தேன்."

சொன்ன உடனே, சொல்லியிருக்க வேண்டாமோ என்று இருந்தது. புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜெயா இன்னும் உட்காரவில்லை. முதல் பெஞ்சிலிருந்து பையை எடுத்துக்கொண்டு நேரே மூன்றாவது பெஞ்சுக்கு வந்தாள். "தள்ளிக்கோ," என்று சூடாமணியை இடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள்.

"இல்லை சார். இவளும் கீழேதான் இருந்தா. வட்டம் போட்டது இவ. பொறுக்கினது நான்."

அம்மிணி சார் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு என்ன புரிந்ததோ தெரியாது. முதல் பெஞ்சுக்குத் திரும்பிப் போ என்று மட்டும் சொல்லவில்லை.

"சரி, சரி. வட்டம் போட்டது ஒராள், பொறுக்கினது ஒராள்," என்றார். "மண்ணிலே விழுந்த அத்தனையையும் தின்னது யாரு?"

"நான்!" என்றார்கள் இரண்டு பேரும்.